எச்.ஐ.வி குளிசை: தினமுமா, தேவைக்கு மட்டுமா, 72 மணித்தியாலத்துக்குள்ளா?

முதலில் அவசரத்தில் இருப்பவர்களுக்கு. கடந்த மூன்று நாட்களுக்குள் ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தாலோ, ஆணுறை கிழிந்திருந்தாலோ, யாராவது உங்களைப் பலவந்தப்படுத்தியிருந்தாலோ, வேறொருவர் பாவித்த ஊசி குத்தியிருந்தாலோ, மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். இப்போதே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். வேலை நாளின் பகலென்றால் அங்குள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையம். இரவோ, ஞாயிறோ, போயாவோ என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எச்.ஐ.வி தொற்றக்கூடிய தொடர்பு நடந்து இத்தனை மணித்தியாலம், பெப் மருந்து வேண்டும்." பலவந்தத்துக்கு ஆளானவர் பொலிஸ் முறைப்பாட்டை முடித்துவிட்டுத்தான் மருந்து கேட்க வேண்டும் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். மருந்து முதலில்.

அவசரம் இல்லாதவர்களுக்குத்தான் தெரிவுகள் இருக்கின்றன. தொடர்புக்குப் பின் போடுவது பெப். முன்கூட்டியே போடுவது பிரெப். தொற்று உள்ளவர் வாழ்நாள் முழுவதும் போடுவது சிகிச்சை. மூன்றிலும் வருவது பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்துகள்தான். மாறுவது கணக்கு: எத்தனை மருந்து, எத்தனை நாள், எந்த நேரத்தில். ஒருவருக்குப் பொருந்திய கணக்கை இன்னொருவர் கேட்டுப் போட்டால் காப்பு கிடைக்காது. சிலவேளை கெடுதலும் வரும்.

பெப்பில் ஏன் 72 மணித்தியாலம்? உடலுக்குள் நுழைந்த வைரஸ் முதலில் அந்த இடத்துச் சவ்விலுள்ள கலங்களைப் பிடிக்கிறது. இரண்டு மூன்று நாளில் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. கலத்தின் மரபணுவுக்குள் தன்னை எழுதிவிட்டால், எந்த மருந்தாலும் அதை அழித்து எடுக்க முடியாது. அதற்கு முன் வழியை அடைப்பதுதான் பெப்பின் வேலை. ஆகவே 72 என்பது கடைசி எல்லை. 70வது மணித்தியாலத்தில் போடுவதை விட 6வது மணித்தியாலத்தில் போடுவது எவ்வளவோ மேல். முதல் குளிசையை இரத்தப் பரிசோதனை முடிவுகளுக்காகத் தாமதிக்கத் தேவையில்லை. வழமையாகக் கொடுப்பது டெனோஃபோவிருடன் லமிவுடின் அல்லது எம்ட்ரிசிடபின், அதனுடன் டொலுடெக்ரவிர் என மூன்று மருந்து, 28 நாள். பத்தாம் நாளில் உடம்பு நன்றாக இருக்கிறதென்று நிறுத்துபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எச்.ஐ.வி நுழைந்த உடம்பும் பத்தாம் நாளில் நன்றாகத்தான் இருக்கும். 28 நாள் முடிந்ததும் ஒரு பரிசோதனை, தொடர்பு நடந்து மூன்று மாதத்தில் இன்னொன்று. அதுவரை ஆணுறை பாவியுங்கள், இரத்ததானம் செய்யாதீர்கள்.

பெப் தேவைப்படாத இடங்களும் உண்டு. முத்தம், ஒரே தட்டில் சாப்பிட்டது, நுளம்புக்கடி இவற்றால் எச்.ஐ.வி தொற்றாது. துணைக்குத் தொற்று இருந்து, அவர் ஒழுங்காக மருந்து போட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தால் அங்கும் பெப் வேண்டியதில்லை.

ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை பெப் கேட்டு ஓடும் நிலை என்றால், தேர்ந்தெடுத்த வழியே பிழை. அவருக்குரியது பிரெப். 28ஆம் நாள் பரிசோதனை 'இல்லை' என்று வந்ததும், இடைவெளி விடாமல் மறுநாளே பிரெப்புக்கு மாறலாம்.

பிரெப்: தினமுமா, 2+1+1ஆ, பருவகாலம் மட்டுமா

பிரெப் குளிசையில் இருப்பது இரண்டு மருந்து: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிடபின் 200 மில்லிகிராம். சில இடங்களில் எம்ட்ரிசிடபினுக்குப் பதில் லமிவுடின் 300 இருக்கும். தொடங்கும் நாளில் எச்.ஐ.வி பரிசோதனை கட்டாயம். காரணம் தெளிவானது. ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு இரண்டு மருந்து போதாது. குறைவான மருந்தோடு மோதிப் பழகிய வைரஸ் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். கடந்த சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை நோ, உடம்பில் தடிப்பு என்று ஒன்றாக வந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். புதிதாகத் தொற்றியவரின் பரிசோதனை முதல் வாரங்களில் 'இல்லை' என்றே வரலாம்.

தினசரி முறை எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் தொடங்குவதும் முடிப்பதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. ஆண் முதல் நாள் இரண்டு குளிசை போட்டால் 2 மணித்தியாலத்துக்குப் பின் காப்பு தொடங்கும். கடைசி உறவுக்குப் பின் இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்தலாம். பெண் காப்பு என்று நம்புவதற்கு முன் 7 நாள் தொடர்ந்து போட வேண்டும், கடைசி உறவுக்குப் பின்னும் 7 நாள். மருந்து பெண்ணுறுப்பின் சவ்வில் மெதுவாகச் சேர்வதால் வந்த வேறுபாடு இது. அதனால் நாள் தவறுவதும் பெண்ணுக்குத்தான் கூடுதலாகப் பாதிக்கும்.

உறவை எதிர்பார்க்கும் நாட்களில் மட்டும் போடும் 2+1+1 முறை ஆணாகப் பிறந்து, பெண் ஹோர்மோன் எடுக்காதவர்களுக்கு மட்டும். பெண்கள் இதை நம்பக்கூடாது. கணக்கை ஒரு கிழமை முடிவை வைத்துப் பார்ப்போம். சனி இரவு 9 மணியளவில் உறவு நடக்கும் என்று எதிர்பார்க்கிறார். சனி பின்னேரம் 5 மணிக்கு இரண்டு குளிசை. உறவுக்கு 24 மணித்தியாலம் முதல் 2 மணித்தியாலம் வரை முன்பு எப்போதும் போடலாம், முந்துவது நல்லது. ஞாயிறு 5 மணிக்கு ஒன்று. திங்கள் 5 மணிக்கு ஒன்று. மணிக்கணக்கு உறவு நடந்த நேரத்திலிருந்து அல்ல, முதல் இரண்டு குளிசையும் போட்ட நேரத்திலிருந்து. ஞாயிறு இரவும் உறவு நடந்தால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போட்ட பிறகே நிறுத்த வேண்டும். சனி இரவு திட்டம் கைகூடாமல் போனால்? போட்ட இரண்டோடு விட்டுவிடலாம்.

இந்த முறையைச் சோதித்த இப்பர்கே ஆய்வு 2015இல் வெளியானது. தொற்று 86 சதவீதம் குறைந்தது. நடைமுறையில் உடைவது எப்போதும் ஒரே இடத்தில்: முன்னால் போடும் இரண்டையும் எல்லோரும் நினைவாகப் போடுவார்கள், திங்கட்கிழமைக் குளிசைதான் மறந்துபோகும். வேலைக்குப் போயிருப்பார், போத்தல் வீட்டில் இருக்கும். நான்கு குளிசையையும் சனிக்கிழமையே எண்ணி எடுத்து, கடைசி ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டால் இது நடக்காது.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் இந்தக் கரைக்கு அது நன்றாகப் பொருந்தும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், படகுச் சவாரி எல்லாம் மே முதல் செப்டம்பர் வரைதான் சூடு. ஆபத்தும் அந்த மாதங்களில்தான் என்றால் தினசரிக் குளிசையை அந்தப் பருவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தொடக்கமும் முடிவும் மேலே சொன்ன கணக்குத்தான். மறுபருவம் திரும்பத் தொடங்கும்போது பழைய போத்தலை எடுத்து அப்படியே போடாமல் முதலில் பரிசோதனை செய்யுங்கள்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் வள்ளத்தில் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று கிழமை கடல், மூன்று நாள் கரை. அவருக்கு 2+1+1 அளந்து தைத்த சட்டை மாதிரி. ஆனால் ஒரு நிபந்தனை: ஈரல் அழற்சி பி பரிசோதனை. டெனோஃபோவிரும் லமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கும் மருந்துகள். நாட்பட்ட ஈரல் அழற்சி பி உள்ளவர் விட்டு விட்டுப் போட்டால், நிறுத்தும்போதெல்லாம் ஈரல் வீங்கி ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவருக்குத் தினசரி முறைதான், நிறுத்துவதும் வைத்தியரைக் கேட்டே. வீட்டில் இருக்கும் மனைவிக்கு இந்தக் குறுக்குக் கணக்கு உதவாது. அவருக்குத் தேவை என்றால் தினசரிதான்.

இன்னொரு பரிசோதனை சிறுநீரகம். டெனோஃபோவிர் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து. வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழே என்றால் பிரெப்பாக இந்தக் குளிசையைத் தொடங்குவதில்லை. வடமத்திய மாகாணத்தை ஒட்டிய பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் தெரிந்த விடயம். அப்பக்கத்திலிருந்து வருபவர்கள் அதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். வலைத்தொழிலிலும் கட்டட வேலையிலும் உடம்பு நோவுக்கு டைக்ளோஃபெனக் போடும் பழக்கம் இருக்கிறது. டெனோஃபோவிரோடு சேர்த்து அதை நாட்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. நோவுக்குப் பரசிற்றமோல் பாதுகாப்பானது.

பிரெப்பில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். கிரந்தி, மேகவெட்டை இவற்றையும் கருத்தரிப்பையும் பிரெப் தடுக்காது. அதனால் ஆணுறையை விட்டுவிடும்படி நாம் யாரிடமும் சொல்வதில்லை. ஊசி வடிவமும் வந்திருக்கிறது: கபோடெக்ரவிர் இரண்டு மாதத்துக்கு ஒன்று, லெனகபவிர் ஆறு மாதத்துக்கு ஒன்று. பின்னதை உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. ஊசி வரட்டும் என்று கையில் கிடைக்கும் குளிசையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை

கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று என்றால், மற்றவருக்கு பிரெப் வேண்டுமா? சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதம் வேண்டும், அல்லது ஆணுறை, முடிந்தால் இரண்டும். அதன்பின் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி அங்கேயே நின்றால் தேவையில்லை. 2019இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில் 782 ஆண் இணைகள் ஆணுறை இன்றி ஏறத்தாழ 76,000 தடவை உறவு கொண்டார்கள். சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. எத்தனையோ குடும்பங்கள் இது தெரியாமலே ஒருவரை ஒருவர் தொடப் பயந்து வாழ்கின்றன என்பது மனதை வருத்துகிறது. வைரஸ் அளவுச் சீட்டை இருவரும் சேர்ந்து பாருங்கள். இந்த உறுதி உடலுறவுக்கு உரியது. தாய்ப்பால் விடயத்தில் ஆபத்து மிகவும் குறையும், பூச்சியம் ஆகாது. அதை வைத்தியரோடு தனியாகப் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தொற்று உள்ளவரின் போத்தலிலிருந்து மற்றவருக்கு எடுத்துக் கொடுப்பது. இருவருக்கும் குளிசை குறையும், இருவரின் கணக்கும் கெடும்.

சிகிச்சை: எந்தக் குளிசை, எந்த நேரம்

இன்று முதல் தெரிவு டெனோஃபோவிர் 300, லமிவுடின் 300, டொலுடெக்ரவிர் 50 மூன்றும் ஒன்றான குளிசை. நாளுக்கு ஒன்று, சாப்பிட்டோ சாப்பிடாமலோ. பழைய கூட்டில் டொலுடெக்ரவிருக்குப் பதில் எஃபாவிரென்ஸ் இருந்தது. அது தலைச்சுற்றும் பயங்கரக் கனவும் தரும் என்பதால் படுக்கப்போகும் நேரத்தில், வெறும் வயிற்றில் போடுவார்கள். அதைவிடப் பெரிய வேறுபாடு தவறவிடும்போது தெரியும். எஃபாவிரென்ஸ் நிறுத்திய பின்னும் பல நாள் இரத்தத்தில் தனியே தங்கும். கூட இருந்தவை வெளியேறிவிட, ஒற்றை மருந்தோடு வைரஸ் மோதி எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். டொலுடெக்ரவிரை எதிர்க்க வைரஸுக்கு மிகவும் கடினம். கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியின் பலனையும் எஃபாவிரென்ஸ் குறைக்கும், டொலுடெக்ரவிர் குறைக்காது. பழைய கூட்டிலேயே இன்னும் இருப்பவர் அடுத்த தவணையில் மாற்றுவது பற்றிக் கேட்பது நல்லது.

காலையா இரவா? டொலுடெக்ரவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அவர்கள் காலைக்கு மாற்றினால் போதும், மருந்தை மாற்ற வேண்டியதில்லை. எடை ஏறுவதும் உண்டு. தொடங்கிய சில வாரத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, இரத்தப் பரிசோதனையில் பார்ப்பது) சற்று உயர்வது பெரும்பாலும் உண்மையான சிறுநீரகப் பாதிப்பு அல்ல. கிரியேற்றினின் வெளியேறும் ஒரு வழியை மருந்து அடைப்பதால் வரும் கணக்கு வேறுபாடு. அந்தச் சீட்டைப் பார்த்துப் பயந்து நீங்களே நிறுத்தாதீர்கள்.

நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் கேள்வி ஸஹருக்கா (விடியுமுன் சாப்பிடும் நேரம்), நோன்பு திறக்கும்போதா என்பது. நாளுக்கு ஒரு குளிசை என்பதால் நோன்பை விடவோ மருந்தை விடவோ தேவையில்லை. இரவு 9 மணிக்குப் போடுபவர் நோன்பு திறந்தவுடன் போடலாம். காலை 8 மணிக்குப் போடுபவர் ஸஹருக்கு முந்தலாம். மாற்றும்போது முன்னுக்கு நகர்த்துவது பின்னுக்குத் தள்ளுவதை விடப் பாதுகாப்பானது. எங்கள் பரிந்துரை நோன்பு திறக்கும் நேரம். ஸஹருக்கு எழும்பாமல் தூங்கிப்போகும் நாள் வரும், நோன்பு திறக்காமல் விடும் நாள் வராது. எஃபாவிரென்ஸ் போடுபவர் மட்டும் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து படுக்கும்போது. வயிறு நிறைந்த எண்ணெய்ச் சாப்பாட்டோடு போட்டால் அந்த மருந்து இரத்தத்தில் கூடித் தலை சுற்றும்.

டொலுடெக்ரவிருக்கு உண்மையான எதிரி இரும்பு, கல்சியம், மக்னீசியம், அலுமினியம். இவை குடலில் மருந்தைக் கட்டிப்பிடித்து இரத்தத்துக்குள் போகவிடாது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்புக் குளிசையும் கல்சியமும் கொடுப்பது வழமை. எல்லாவற்றையும் ஒன்றாக வெறும் வயிற்றில் விழுங்கினால், எச்.ஐ.வி குளிசை உள்ளே போயும் போகாதது போலாகும். இரண்டு வழி: சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் ஒன்றாகவே போடலாம். இல்லையென்றால் எச்.ஐ.வி குளிசையை அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன் அல்லது 6 மணித்தியாலம் பின். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அலுமினிய, மக்னீசிய அன்டாசிட்டுக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, 2க்கும் 6க்குமான இடைவெளி மட்டுமே. ஒமெப்ரசோல் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. கோணேசபுரியில் சித்த மருத்துவம் கற்பிக்கும் ஊர் இது, சித்த மருந்து எடுப்பவர் பலர். அயச் செந்தூரம் இரும்பு, சங்கு பஸ்பம் கல்சியம். சித்த வைத்தியரிடமும் சிகிச்சை நிலையத்திலும் இரு பக்க மருந்தையும் மறைக்காமல் காட்டுங்கள்.

நீரிழிவுக்கு மெற்ஃபோமின் எடுப்பவருக்கு டொலுடெக்ரவிர் அதன் அளவை இரத்தத்தில் கூட்டும். நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் வைத்தியர் மாற்றியமைப்பார். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் நிலைமை தலைகீழ். டொலுடெக்ரவிர் குறைந்துவிடும் என்பதால் 12 மணித்தியாலம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் முடிந்து இரண்டு கிழமை வரை. வலிப்புக்குக் கார்பமசெபின், ஃபெனிற்றோயின் எடுப்பவர் அதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

குடித்த நாளில் மருந்து போடக்கூடாது என்ற நம்பிக்கை எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறது. மதுவும் இந்தக் குளிசையும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. குடிப்பதால் மறந்துபோவதும், வேண்டுமென்றே விடுவதும்தான் கெடுதல். குளிசையைப் போட்டுவிடுங்கள். தவறவிட்டால் நினைவு வந்தவுடன் ஒன்று, அடுத்த வேளைக்கு 4 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிட்டு வழமையான நேரத்தில் ஒன்று. ஈடுகட்ட இரண்டாகப் போடக் கூடாது. போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் திரும்ப ஒன்று போடுங்கள்.

போத்தலா, டப்பாவா; இந்த ஊரா, வேறு ஊரா

குளிசைகள் 30 பாகைக்குக் கீழே, ஈரம் படாமல் இருக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றின் அடியும் முச்சக்கரவண்டியின் டாஷ்போர்ட்டும் அதற்கு ஆகாத இடங்கள். போத்தலுக்குள் இருக்கும் சின்ன வெள்ளைப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவது, அதை எறியக் கூடாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். போத்தலின் லேபலை வீட்டில் யாரும் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் கடதாசியில் சுற்றி வைப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு நல்ல வழி, காற்றுப் புகாத சின்ன டப்பாவில் ஒரு கிழமைக்குரிய 7 குளிசையை மட்டும் எடுத்து, மிச்சத்தைப் போத்தலிலேயே பூட்டி வைப்பது. கிழமை முடிவில் டப்பாவில் மிச்சம் இருந்தால் எத்தனை நாள் தவறியதென்று தானே சொல்லும்.

வள்ளத்தில் போகிறவர் 25 நாள் பயணத்துக்கு 35 குளிசை எடுக்க வேண்டும், திரும்பும் நாள் காற்றின் கையில். இரண்டு பங்காக, தண்ணீர் புகாத பையில், எஞ்சின் அறையிலிருந்து தள்ளி. தொலைபேசி அலாரத்துக்குச் சிக்னல் தேவையில்லை.

மருந்து எங்கே எடுப்பது? அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் எல்லாம் இலவசம், கடிதம் வேண்டாம், பதிவு இலக்கத்தில்தான் நடக்கும். சொந்த ஊரில் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று அனுராதபுரத்துக்கோ மட்டக்களப்புக்கோ இரவு மெயிலில் கொழும்புக்கோ போகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் போய்வர ஒரு நாள் வேலையும் கூலியும் போகும். அந்த ஒரு நாள் கிடைக்காத மாதத்தில்தான் மருந்து தீர்ந்துபோகும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பின் மூதூரிலிருந்துகூட அரை நாளில் போய்வரலாம். வெளியூரைத் தெரிந்தெடுப்பவர் குறைந்தது மூன்று மாத மருந்தைக் கேட்டு வாங்குங்கள். வைரஸ் அளவு நிலையாக இருப்பவருக்கு அப்படித் தரும் முறை உண்டு. அடுத்த தவணைக்குப் போத்தலில் 14 குளிசை மிச்சம் இருக்கும்போதே புறப்படுங்கள், கடைசிக் குளிசை வரை பார்த்திருக்க வேண்டாம். போகும்போது வெறும் போத்தலையும் மற்ற எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டிக் காட்டுங்கள்.